குதிரை லாயத்துக்கு எதற்கு ஹைட் பார்க்?

லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் அரச குதிரைப்படை தங்கும் ஹைட் பார்க் பாசறையை விற்றுவிடலாம் என்ற வாதம் அவ்வப்போது தலைதூக்கும். பொம்மைச் சிப்பாய்களுக்காக ஒரு பழங்காலச் சின்னத்தை, அதுவும் அவலட்சணமான ஒன்றை, தங்க விலை நிலத்தில் வைத்திருப்பானேன் என்பது கேள்வி.

பழங்காலமா? 1795 முதல் அங்கே பாசறை உண்டு, சரி. ஆனால் இன்று நிற்பது மூன்றாவது கட்டடம். கவன்ட்ரி தேவாலயத்தை வடிவமைத்த பேசில் ஸ்பென்ஸின் கை வண்ணம், 1970இல் முடிந்தது. 94 மீட்டர் கோபுரத்தில் குடியிருப்புகள், கீழே இரண்டு தளங்களில் லாயம், மேல் தளத்துக்குக் குதிரைகள் ஏறச் சாய்தளம். கான்கிரீட் பிடிக்காதவர்கள் திட்டட்டும். அது ரசனைச் சண்டை.

பொம்மைச் சிப்பாய் என்பதுதான் அபத்தம். இங்கு பணிபுரியும் 'புளூஸ் அண்டு ராயல்ஸ்' பிரிவின் கவச வாகனங்கள் 1982இல் பால்க்லாந்து போரில் இறங்கின. அதே ஆண்டு ஜூலை 20 அன்று, பாசறையிலிருந்து காவல் மாற்றத்துக்குப் புறப்பட்ட அணியை ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐ.ஆர்.ஏ.) குண்டு தாக்கியது. நான்கு வீரர்களும் ஏழு குதிரைகளும் மாண்டனர்.

2024 ஏப்ரலில் மிரண்ட குதிரைகள் நகரத் தெருக்களில் ஓடியதையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். மிரளவைத்தது கட்டுமான இடிபாடு விழுந்த சத்தம். லாயத்தை ஊருக்கு வெளியே தள்ளினால் தினசரிக் காவலுக்குக் குதிரைகள் லாரியில் வர வேண்டும், அல்லது இன்னும் நீண்ட தூரம் அதே நெரிசலில் நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவை விற்பனைக் கணக்கில் முதலில் எழுதட்டும்.