குழாய்க்கு ஏகபோகம், கம்பிக்கு மட்டும் போட்டியா?

சித்தூரில் அண்மையில் கூடிய கிளைக் கூட்டமொன்றில் இளந்தோழர் ஒருவர் வினவினார்: “கரண்டுக்கு ஒரு பில், கேஸுக்கு ஒரு பில் என்று ஏன் அலைய வேண்டும், தோழர்? இரண்டையும் ஒரே கம்பெனி கொடுத்தால் சலுகை கிடைக்குமாம். வேண்டாதவர்கள் தனித்தனியே வாங்கிக்கொள்ளட்டும். இதை நாம் ஏன் எதிர்க்கிறோம்?” சிலர் சிரித்தனர். ஆனால் அது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று. நாளை வாசற்படியில் வந்து நிற்கும் விற்பனையாளன் இதே கேள்வியோடுதான் வருவான்.

இன்றைய நிலை என்ன? சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டு மின்சாரம் தருவது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரத் தெற்கு மின்பகிர்மான நிறுவனம். அது பொதுத்துறை. எரிவாயு உருளை தருபவை இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்கள். குழாய்வழி எரிவாயுவின் கதை வேறு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், சித்தூர், கோலார், வேலூர் மாவட்டங்களை ஒரே வட்டாரமாகக் கட்டித் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் கொடுத்தது. குழாய் வலையமைப்புக்கு 25 ஆண்டுத் தனியுரிமை, விற்பனைக்கு எட்டாண்டு. இக்காலத்தில் அவ்வட்டாரத்து அடுப்புக்கு வேறொருவர் குழாய் போட முடியாது.

மின்சாரத்துக்கு வந்தால் ஒன்றிய அரசின் சித்தாந்தம் தலைகீழாகப் புரள்கிறது. 2022 ஆகஸ்டு 8 அன்று மக்களவையில் வைத்த மின்சாரத் திருத்த மசோதாவும், 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவும் சொல்வது ஒன்றே: ஒரே பகுதியில் பல நிறுவனங்கள், இருக்கும் கம்பிகளையே பயன்படுத்தி, மின்சாரம் விற்கலாம். தனியார் புதைத்த குழாயென்றால் ஏகபோகம் புனிதம். மக்கள் பணத்தில் நட்ட கம்பமென்றால் போட்டி புனிதம்! ஒரு கம்பமும் நடாத நிறுவனம், புயலில் சாய்ந்த கம்பியை நிமிர்த்த ஓர் ஊழியரையும் அனுப்பாத நிறுவனம், பில்லை மட்டும் நீட்டும். அதே நிறுவனம் குழாயும் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே பில்லில் கட்டித் தரும். இளந்தோழர் கேட்ட ‘சலுகை’ அங்கேதான் பிறக்கிறது.

இந்தச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் என்னைத் தடுக்கும். தெலுங்கில் ‘எம்பிக’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். தமிழில் ‘தேர்வு’ என்று எழுதினால் பரீட்சை என்ற பொருளும் கூடவே வருகிறது. பொருத்தந்தான், பரீட்சை எழுதப்போவது நுகர்வோரே.

எழுதிப் பார்த்தவர்கள் பிரிட்டன் மக்கள். 1986இல் பிரிட்டிஷ் கேஸ் தனியாருக்கு விற்கப்பட்டது. 1999க்குள் வீட்டு எரிவாயு, மின்சாரம் இரண்டுமே முழுமையாகச் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டன. இரண்டையும் ஒன்றாக வாங்கினால் தள்ளுபடி என்று விளம்பரங்கள் பொழிந்தன. 2021இல் எரிவாயு விலை ஏறியதும் ஏறத்தாழ முப்பது நிறுவனங்கள் கடையைக் கட்டின. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரைக் கொண்ட பல்ப் நிறுவனத்தை அரசுதான் தாங்கிப் பிடித்தது. வீழ்ந்த நிறுவனங்களின் சுமை, தலைக்கு 94 பவுண்டு வீதம் நுகர்வோர் மீதே விழுந்ததென அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022இல் கணக்கிட்டது. திவாலான கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதவரும் சேர்ந்தே கட்டினார்.

நம் வீடுகளுக்கு வருவோம். நகரியில் தறி ஓடாத மாதத்தில் ஒரு குடும்பம் என்ன செய்கிறது? மின்கட்டணத்தைக் கட்டிவிட்டு, உருளையைத் தள்ளிப்போட்டு, விறகு மூட்டுகிறது. வேதனையான ஏற்பாடுதான், ஆயினும் எதை முதலில் கட்டுவது என்பது அக்குடும்பத்தின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே பில்லாகும்போது அந்தக் கடைசிப் பிடியும் போய்விடுகிறது. விளக்கும் அடுப்பும் ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போகும்.

இன்னொன்று. திருப்பதி விடுதிகள் வணிகக் கட்டணம் கட்டுவதால்தான் குடிசை வீட்டுக்குக் குறைந்த கட்டணம் சாத்தியமாகிறது. புதிதாக வரும் நிறுவனம் விடுதியைத் தேடிப் போகுமா, குடிசையையா? கொழுத்த வாடிக்கையாளர் போனபின் பொதுத்துறைக்கு மிஞ்சுவது நட்டம். பிறகு அந்த நட்டத்தையே காட்டி அதையும் விற்பார்கள்.

பொதுத்துறை குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. எரிபொருள், மின்கொள்முதல் விலை உயர்வின் பெயரால் 2022-23க்கு ரூ.6,072 கோடியும் 2023-24க்கு ரூ.9,412 கோடியும் ஆந்திர நுகர்வோர் தலையில் ஏற்ற 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தனியார் விற்பனையாளன் அறுவடை செய்ய விடுவதா? உலக வங்கி சொற்படி மின்வாரியத்தைத் துண்டாடிக் கட்டணத்தை உயர்த்தியபோது, 2000 ஆகஸ்டு 28 அன்று ஐதராபாத் பஷீர்பாக்கில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர். அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் திருப்பதி நிறுவனம். அதையும் பறிகொடுக்க நாம் அணியமாக இல்லை.

வரைவைத் திரும்பப் பெறு, குழாய் எரிவாயுவைப் பொதுத்துறையிடம் கொடு: இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாக வைத்து வீடு வீடாகச் செல்ல வேண்டும். கேள்வி கேட்ட இளந்தோழரிடம், அடுத்த கூட்டத்துக்கு வீட்டு மின்பில்லையும் உருளை ரசீதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மற்ற தோழர்களும் கொண்டு வாருங்கள். எந்த வரி எங்கிருந்து வந்ததென்று வரிவரியாகப் பார்ப்போம்.