மன்னிப்பு போதாது, ஆவணங்களைத் திறவுங்கள்

செப்டம்பர் 30 வந்தால் கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் முதல் அமைச்சர்கள் வரை ஆரஞ்சு நிறச் சட்டை அணிகிறார்கள். 1973இல் ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஃபிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையோடு வில்லியம்ஸ் லேக் அருகே உறைவிடப் பள்ளிக்குப் போனார். முதல் நாளே அதைக் கழற்றிப் பிடுங்கிக்கொண்டார்கள், திரும்பத் தரவேயில்லை. 2021 முதல் செப்டம்பர் 30 தேசிய நினைவு நாள். வரவேற்கிறோம். ஆனால், அப்பள்ளிகளில் இறந்த பிள்ளைகளை நினைவுகூரப் பெயர் வேண்டுமே!

அரசும் திருச்சபைகளும் நடத்திய இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். இப்பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் பட்டியலிட்ட சுமார் 3,200 மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரே எழுதப்படவில்லை. ஏறக்குறைய பாதிக்குச் சாவின் காரணம் இல்லை. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை அரசு பெரும்பாலும் ஏற்கவில்லை. பலரைப் பள்ளி வளாகத்திலேயே புதைத்தார்கள். எத்தனையோ பெற்றோருக்குச் சேதிகூடப் போகவில்லை.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே எழுதிக் கொடுத்தார்: காற்றோட்டமற்ற அறைகள், காசநோய், விவரம் கிடைத்த பள்ளிகளில் மாணவரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் சாவு. அரசு என்ன செய்தது? 1920இல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. ஓய்வுபெற்ற பிரைஸ் 1922இல் உண்மையைத் தாமே அச்சிட்டு வெளியிட வேண்டியிருந்தது.

2021இல் கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளி வளாகத்தில் புதைகுழிகள் இருக்கலாமென ரேடார் காட்டியது. உடல்கள் தோண்டியெடுக்கப்படாததைச் சொல்லி, மொத்தமும் கட்டுக்கதை என்று கிளம்பியிருக்கிறது ஒரு கூட்டம். இறந்த பிள்ளைகளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை இது. ரேடாரை விட்டுவிடுவோம். அரசின் சொந்தக் காகிதங்களே சாவுகளைச் சொல்கின்றனவே!

அந்தக் காகிதங்களைத்தான் போராடிப் பெற வேண்டியிருக்கிறது. செயின்ட் ஆன்ஸ் உறைவிடப் பள்ளிக் கொடுமைகள் பற்றிய காவல்துறை ஆவணங்களை மத்திய அரசு தர, 2014இல் ஒன்டாரியோ நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2008இல் பிரதமரும் 2022இல் போப்பும் மன்னிப்புக் கேட்டார்கள். மனமிருந்தால் பதிவேடுகளையும் கொடுத்திருக்கலாம்.

திறக்க வேண்டிய ஆவணங்களில் ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். தப்பிப் பிழைத்தவர்கள் இழப்பீட்டுக்காக ரகசியமாகத் தந்த வாக்குமூலங்கள் அவர்களுக்கே சொந்தம்; காப்பதா அழிப்பதா என்பது அவர்கள் முடிவு என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரியானது. அரசுக்கும் திருச்சபைக்கும் அந்த உரிமை கிடையாது. மாகாணங்களின் இறப்புப் பதிவுகள், சபைகளின் அடக்கக் குறிப்புகள், துறைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஆணையம் பரிந்துரைத்தபடி தேசிய உண்மை மற்றும் நல்லிணக்க மையத்திடம் ஒப்படைக்கக் கெடு விதித்துச் சட்டம் கொண்டுவர வேண்டும். அதற்கான செலவையும் அரசே ஏற்க வேண்டும்.