திரும்பும் வழியும் எழுத்தில் வேண்டும்

கடல் கடந்து உத்தியோகம் பார்ப்பது எம்மவர்க்குப் புதியதன்று. மலாயாவிலே இருப்புப்பாதை இடப்பட்ட காலந்தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் அங்கு சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன. 'மலாயாப் பென்சன்' என்பது எமது ஊர்வழக்கிலே ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இன்று பெட்டி கட்டுவோர் வேறு வகையினர். கொழும்பிலே வங்கியிலோ, கணக்காய்வு நிறுவனத்திலோ, பன்னாட்டு நிதிக் கம்பனியிலோ பத்தாண்டு உழைத்த கணக்காளரை மேலதிகாரி அழைக்கின்றார். "இலண்டன் அலுவலகத்தில் ஓர் இடம் இருக்கின்றது, போக விருப்பமா?" என்று கேட்கின்றார். அன்றிரவு அந்த வீட்டில் எவருக்கும் நித்திரை இல்லை. போகலாமா, கூடாதா என்று உற்றார் உறவினர் வாதிடுகின்றனர். எம்மைக் கேட்டால், கேள்வியே பிழை என்போம். எந்த நிபந்தனையின் பேரில் போவது, எந்த நிபந்தனையின் பேரில் திரும்புவது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

போகின்றவரை ஊரை மறந்தவர் என்று ஏசுவாருமுளர். நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். 2022 ஏப்ரல் 12 இல் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் தாண்டிற்று. வாழ்நாட் சேமிப்பு இரண்டு மாதத்திலே பாதியாகத் தேய்வதைக் கண்ட ஒருவர், தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை வேறொரு நாணயத்தில் எண்ணிப் பார்ப்பது குற்றமாகுமா? ஆகாது. ஆயினும், எண்ணுவதைச் சரியாக எண்ணவேண்டும்.

முதலிலே சம்பளத்தை எடுப்போம். பவுணை ரூபாவாகப் பெருக்கிப் பார்த்து மலைப்பவர் பலர். வரவு பவுணில் என்றால் செலவும் பவுணில்தானே? வாடகை, குழந்தைப் பராமரிப்பு, இங்கு மனைவியோ கணவனோ பெற்றுவந்த சம்பளத்தின் இழப்பு ஆகிய யாவற்றையும் கழித்த பின் எஞ்சுவதையே ஒப்பிடல் வேண்டும். விசாவோடு முற்பணமாகக் கட்டவேண்டிய சுகாதார மேல்வரி மட்டும், 2024 பெப்ரவரி முதல் வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண். பிள்ளைக்கு 776 பவுண். பெற்றோர் இருவரும் பிள்ளைகள் இருவருமாக மூன்றாண்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இது 10,866 பவுண் ஆகின்றது. இதைக் கட்டுவது கம்பனியா, குடும்பமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையேல், கட்டுவது குடும்பம் என்றே கொள்க.

அடுத்தது விசா. ஒரே கம்பனிக்குள் இடமாற்றம் பெறுவோர்க்காக 2022 ஏப்ரலில் பிரித்தானியா வகுத்த 'குளோபல் பிசினஸ் மொபிலிட்டி' வழியிலே கழியும் காலம், நிரந்தர வதிவுக்கு எண்ணப்படுவதில்லை. பொதுவாக ஆறாண்டுக்குள் ஐந்தாண்டே அதில் தங்கலாம். மிகுந்த சம்பளம் பெறுவோர் பத்தாண்டுக்குள் ஒன்பதாண்டு தங்கலாம். 'ஸ்கில்ட் வேர்க்கர்' எனப்படும் விசா நிரந்தர வதிவுக்கு இட்டுச் செல்லக்கூடிய வேறொரு வழி. இரண்டும் இலண்டனுக்கே கொண்டுபோகும். ஆனால் முடியுமிடம் ஒன்றன்று. எந்த விசா என்று கேளாமல் பயணச் சீட்டு எடுப்பவர், உறுதியைப் பாராமல் காணி வாங்குபவரை ஒப்பர்.

மூன்றாவது, ஒப்பந்தம். இடமாற்றம் என்ற ஒரே பெயரில் இரு வேறு உறவுகள் உலவுகின்றன. ஒன்று, கொழும்பு நிறுவனத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு குறித்த காலத்துக்கு அனுப்பப்படுவது. மற்றது, இங்கே விலகி அங்கே புதிதாகச் சேர்வது. முன்னையதில் சேவைத் தொடர்ச்சி அறுவதில்லை. பின்னையதில் அது அறுந்துபோகும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு சேவை நிறைந்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வோராண்டுக்கும் அரைமாதச் சம்பளம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் நூற்றுக்கு 12 செலுத்துகின்றார். விலகிச் சென்று திரும்பிச் சேர்பவர்க்கு ஆண்டுக்கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கக்கூடும். வருமான வரியிலும் கவனம் வேண்டும். எமது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம், 183 நாள் இங்கிருந்தவரை வதிவாளராகக் கொள்கின்றது. ஆண்டின் நடுவே பயணப்படுபவர் இரு நாட்டுக்கும் வதிவாளராகலாம். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டெனினும், அதன் நிவாரணத்தைக் கேட்டுப் பெறுவது அவரவர் பொறுப்பு.

இனி, ஊரிலுள்ள காணியைப் பற்றியும் ஒரு சொல். கமக்காரரான தந்தையர் இதைக் கருத்தூன்றி வாசிப்பாராக. மகன் போனபின் தோட்டத்தைப் பார்ப்பவர் யார்? 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் ஒருவர் உரிமையாளருக்கு எதிரிடையாகவும் தடையின்றியும் பத்தாண்டு ஆண்ட காணி அவருக்கே உரித்தாகலாம். நெல்வயலை வாரத்துக்கு விட்டால், வாரக்குடிக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. நினைத்தவுடன் அவரை எழுப்பிவிட முடியாது. உழுபவருக்கு அப்பாதுகாப்பு நியாயமானதே. ஆகவே பயணத்துக்கு முன்பே நம்பிக்கையானவருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிப் பதிவு செய்க. வாரமோ குத்தகையோ, அதையும் எழுத்தில் வைக்க. வாய்ச்சொல்லை நம்பி விட்டுப்போன காணிகள் நீதிமன்றப் படியேறுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

"இவ்வளவு கேட்டால் மேலதிகாரி முகஞ்சுளிப்பாரே, வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடுமே" என்பார் சிலர். மலாயாவுக்குச் சென்ற எம் முன்னோரை நினைத்துப் பார்க்க. அரசாங்க சேவையிலிருந்த அவர்களின் லீவும் ஓய்வூதியமும் எவருடைய தயவிலும் தங்கியிருக்கவில்லை, விதியிலே எழுதப்பட்டிருந்தன. ஆகையாற்றான் அவருட் பலரால் முதுமையில் ஊர் திரும்பி, தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பென்சன் வாங்க முடிந்தது. இன்றைய நிதிக் கம்பனி, கடன் கொடுக்கும்போது ஒரு வரியையேனும் வாய்ச்சொல்லில் விடுகின்றதா? தன் வாடிக்கையாளரிடம் கையொப்பம் கேட்கும் நிறுவனம், தன் ஊழியர் கையொப்பம் கேட்டால் கோபிக்க நியாயமில்லை.

அக்கடிதத்தில் முதன்மையாக இருக்கவேண்டியது, காலம் முடிந்ததும் கொழும்பிலே எந்தத் தரத்தில், எந்தச் சம்பளத்தில் இடமுண்டு என்ற வாசகம். "மூன்று வருஷத்தில் வந்துவிடுவேன்" என்று தாயிடம் சொல்லாமற் போனவர் எவருமிலர். சொன்னவர் பொய் சொன்னாரல்லர். திரும்பி வந்து அமர ஆசனம் இல்லாமையால் அங்கேயே தங்கிவிட்டார். இழப்பு அந்தத் தாய்க்கு மட்டுமா? எமது கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைச் சீர்செய்யவும், கமக்காரரின் விளைபொருளுக்குச் சந்தை தேடவும், இங்குள்ள முயற்சிகளுக்கு முதல் திரட்டவும் உலக நிதிச் சந்தையை அறிந்தவர் வேண்டும். அவ்வறிவை அங்கே பெறலாம். ஆனால் பெற்றவர் திரும்பினாற்றான் அது இங்கே பயன்படும்.

எனவே எமது முடிபு இது. இங்கே கற்க இயலாத தொழிலறிவு அங்கே கிடைக்குமாயின், செலவு போக மிச்சம் உண்டாயின், திரும்பும் வழி எழுத்தில் இருக்குமாயின், துணிந்து செல்க. மூன்றாவது இல்லையெனில் அது இடமாற்றமன்று, குடிபெயர்வு. குடிபெயர்வதும் ஒருவரது உரிமையே. ஆனால் அதை அவர் தெரிந்து, தீர்மானித்துச் செய்யட்டும். மேலதிகாரியின் அரைப்பக்கக் கடிதம் அவருக்காகத் தீர்மானிக்க வேண்டாம்.