நொண்டும் மாட்டுக்கு ஓய்வா, ஆபரேஷனா?

உழவு மாடு ஒன்று நொண்டினால் குடியானவருக்கு ஒரு மாடு போனதாகக் கணக்கில்லை. ஒரு ஜோடியே போனதாகத்தான் கணக்கு. ஒற்றை மாட்டை நுகத்தடியில் பூட்ட முடியாது. நிலத்தில் ஈரம் காய்வதற்குள் வாடகை ஏருக்கு அலைய வேண்டும். டிராக்டர் பெருகிவிட்ட இந்நாளிலும் சிறு துண்டு நிலத்துக்கும் இடை உழவுக்கும் வண்டிக்கும் மாட்டை நம்பியிருப்போர் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டிப்போட்டால் சரியாகுமா, கத்தி வைக்க வேண்டுமா?

நொண்டலின் வகையைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஓய்வு வேண்டிய மாட்டை ஏரில் பூட்டுகிறோம். ஆபரேஷன் வேண்டிய மாட்டை மாதக்கணக்கில் கட்டிப்போடுகிறோம்.

மாடு நொண்டியதும் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும். முள், ஆணி, குளம்பிடுக்கில் கல், தவறி இறங்கிய லாட ஆணி இவற்றில் ஏதேனும் இருக்கலாம். காய்ச்சலும் வாயில் புண்ணும் சேர்ந்திருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். குளம்பில் கோளாறு இல்லாமல் மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் சுளுக்கு என்று சந்தேகிக்கலாம். சுளுக்குக்கு முதல் ஓரிரு நாள் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். இதற்குக் கத்தி வேண்டாம், ஓய்வுதான் மருந்து. வலிக்கு ஊசி போட்டதும் மாடு நன்றாக நடப்பதைக் கண்டு மறுநாளே பூட்டிவிடக் கூடாது. வலி மறைந்ததே தவிர, புண்பட்ட நார் இன்னும் கூடவில்லை.

இன்னொரு வகை உண்டு. காலையில் மாடு எழுந்ததும் பின்னங்கால் ஒன்று மடங்காமல் பின்னுக்கு விறைத்து நிற்கும். குளம்பின் நுனி தரையில் தேயும். திடீரென்று ஒரு வெட்டு வெட்டிக் காலை முன்னுக்கு இழுக்கும். சற்று நடந்தால் குறைந்தது போல இருக்கும். மறுநாள் காலை பழைய கதைதான். வீக்கமோ சூடோ பெரும்பாலும் இராது. இது வாதமல்ல. தொடைக்குக் கீழே, வயிற்றை ஒட்டியுள்ள மூட்டில் ஒரு சில்லு இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் மூன்று நார்களில் உட்பக்கத்து நார், கதவில் நாதாங்கி மாட்டிக்கொள்வது போலத் தொடை எலும்பின் மேட்டில் மாட்டிக்கொள்கிறது.

எப்போதோ ஒரு தடவை இழுக்கிற இளமாட்டை நல்ல தீனி கொடுத்துச் சில நாள் கவனிக்கலாம். தினமும் இழுக்கிற மாட்டுக்கு ஓய்வால் பயனில்லை. ஆபரேஷனே வழி என்பது என் கருத்து. இது பெரிய ஆபரேஷனும் அல்ல. கால்நடை டாக்டர் மரப்பு ஊசி போட்டு, அந்த ஒரு நாரை மட்டும் வெட்டிவிடுவார். சில நிமிட வேலை. பெரும்பாலான மாடுகள் அப்போதே காலை மடக்கி நடக்கும். மாட்டைக் கீழே தள்ளிச் செய்வதானால், டாக்டர் சொல்லும் நேரத்திலிருந்து தீனியை நிறுத்த வேண்டும். நிறைந்த வயிற்றோடு தள்ளினால் வயிறு உப்பிக்கொள்ளும். பசு சினையாக இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு ரண ஜன்னி ஊசி, புண் ஆறும் வரை ஈரமும் சாணமும் இல்லாத கட்டுத்தறி, குறைந்தது இரண்டு வாரம் ஏர் பூட்டாமை, இவை அவசியம்.

குதிரை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. குதிரைக்கும் இதே கோளாறு வரும். ஆனால் குதிரை நின்றபடி தூங்குவதற்கு இந்த நார் மாட்டிக்கொள்ளும் அமைப்பே உதவுகிறது. நாரை வெட்டினால் பின்னால் சில்லு சிதையவும் கூடும். ஆகவே குதிரைக்கு முதலில் தீனியும் முறையான நடைப்பயிற்சியும் கொடுத்துப் பார்த்து, கடைசியில்தான் கத்தியை நாட வேண்டும். மாட்டுக்குச் சொன்னதைக் குதிரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடும் வழக்கத்தை இனியாவது விட்டுவிட வேண்டும். சூட்டினால் மாட்டிக்கொண்ட நார் விடுபடாது. தோல் கெடும், புண் வைக்கும், மாடு வேதனைப்படும். அதைவிடக் கொடுமை, நாலைந்து மாதம் பார்த்துவிட்டு நல்ல மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது. சில நிமிடத்தில் தீரக்கூடிய கோளாறுக்காக, பழக்கிய ஜோடியைப் பிரிப்பது நஷ்டமே.

ஆடிப்பட்டத்துக்கு மாடு வேண்டுமென்றால் ஆடி பிறந்த பின் ஓடுவதில் பயனில்லை. சித்திரை, வைகாசியில் வேலை ஓய்ந்திருக்கும்போதே மாட்டை நடக்கவிட்டுப் பாருங்கள். கால் இழுத்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அங்கே வசதியில்லை என்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கமோ அங்கே காட்டலாம். ஓய்வா, ஆபரேஷனா என்பதை டாக்டர் மூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அந்த முடிவைத் தள்ளிப்போடாமல் இருப்பது நம் பொறுப்பு.