உயில் இருப்பதாகச் சொல்கிறார்கள்... வக்கீலைப் பார்க்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

*“எங்கள் அப்பா எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். மூன்றேகால் ஏக்கர் புஞ்சையும் கூட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் இருக்கிறது. நிலத்தில் பாதி தாத்தா வழி வந்தது. மீதி அப்பா வாங்கியது. எல்லாவற்றையும் அண்ணனுக்கே உயில் எழுதிவைத்ததாகச் சொல்கிறார்கள். உயிலை நாங்கள் பார்க்கவில்லை. ‘கோர்ட்டில் புரொபேட் வாங்கினால்தான் செல்லும், நீயும் அம்மாவும் கையெழுத்துப் போடுங்கள்’ என்கிறார்கள். அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கப்போகிறோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?”*

- வாசகி, பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

வக்கீலைப் பார்க்கும் வரை நீங்களோ அம்மாவோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கோர்ட்டுக்கு’ என்று நீட்டப்படும் தாள் விடுதலைப் பத்திரமாகவும் இருக்கலாம். அது பதிவாகிவிட்டால் உங்கள் பங்கு போய்விடும். திரும்பப் பெற வழக்குப் போட வேண்டியிருக்கும்.

புரொபேட் தேவையா?

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் மெய்ப்பித்துத் தரும் சான்றுதான் புரொபேட். 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இந்துக்களின் உயிலுக்கு அதைக் கட்டாயமாகக் கேட்டுவந்தது சென்னை, மும்பை, கொல்கத்தா நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அங்கே உள்ள நிலம், வீடுகளைப் பற்றிய உயிலுக்கும்தான். தருமபுரியில் எழுதி, தருமபுரி நிலத்தைப் பற்றியதாக இருந்தால் புரொபேட் கட்டாயமில்லை. அதற்காகப் பணம் கட்டும் முன், ‘எங்களுக்கு இது தேவையா?’ என்று வக்கீலிடம் கேளுங்கள்.

புரொபேட் வேண்டாம் என்பதால் உயிலை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அர்த்தமில்லை. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்.

உயில் நகலை நீங்களே வாங்கலாம்

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பதிவாகியிருந்தால், எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் சான்றிட்ட நகல் கேட்கலாம். இறப்புச் சான்றிதழுடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். உயில் தனிப் புத்தகத்தில் பதியப்படுவதால் வில்லங்கச் சான்றில் வராது. ‘இ.சி-யில் இல்லை, அதனால் உயிலே இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். நகல் கிடைத்ததும் எழுதிய தேதி, சாட்சிகளின் பெயர், அப்போது அப்பாவின் உடல்நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

1. இறப்புச் சான்றிதழ்: நான்கைந்து நகல்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாரிசுச் சான்றிதழ்: இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் வழங்குவார். அம்மா, பிள்ளைகள் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிருடன் இருந்தால், அவரும் முதல் வகுப்பு வாரிசு. பல குடும்பங்களில் இவரை மறந்துவிடுகிறார்கள்.

3. நிலத்தின் காகிதங்கள், இரண்டு கட்டாக: அப்பா வாங்கியதற்குக் கிரயப் பத்திரம் ஒரு கட்டு. தாத்தா வழி வந்ததற்குப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய பட்டா இன்னொரு கட்டு. இரண்டுக்கும் சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று சேருங்கள். தருமபுரி மாவட்டம் 2.10.1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் ‘சேலம் மாவட்டம்’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

4. கிணறும் மின்சாரமும்: நம் பக்கத்தில் தண்ணீர் இல்லாத நிலத்துக்கு மதிப்பு பாதிகூட இல்லை. கிணற்றுப் பங்கு எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது, முறைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை எந்த வழியாக, வரப்புப் புளியமரம் யாருடையது எனத் தனித் தாளில் எழுதுங்கள். நிலத்தைப் பிரித்துவிட்டுக் கிணற்றைப் பத்திரத்தில் எழுத மறந்த குடும்பங்கள்தான் பிற்பாடு அதிகம் சண்டை போடுகின்றன.

5. கடனும் வரவும்: கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், நகைக்கடன், வங்கிக் கணக்கு விவரம். அப்பாவின் கடனுக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

தாத்தா இறந்த வருடம் ஏன் முக்கியம்?

அப்பா சம்பாதித்து வாங்கிய நிலத்தை அவர் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம். உயில் செல்லாது என்றாலோ, உயிலே இல்லை என்றாலோ அம்மா, அண்ணன், நீங்கள், பாட்டி இருந்தால் அவர் என ஆளுக்குச் சமபங்கு.

கூட்டுக்குடும்பப் பூர்வீகம் என்றால் கணக்கு வேறு. அதில் அப்பாவின் பங்கை மட்டும்தான் உயில் கட்டுப்படுத்தும். பிள்ளைகள் நீங்கள் இருவர் மட்டும் என்றால், அவருடையது மூன்றில் ஒரு பாகம். மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று 2005-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. திருமணமாகிவிட்டது என்பது தடை அல்ல. ஆனால் 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

ஊரில் நாம் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் ஆகாது. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த நிலமாக இருந்து, அவர் 1956-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்தாகவே பார்க்கப்படும். ஆகவே தாத்தாவுக்கு நிலம் எப்படி வந்தது, அவர் எந்த வருடம் இறந்தார், அப்பாவுக்கு எத்தனை உடன்பிறப்புகள் என்பதை ஒரே பக்கத்தில் வரைபடமாக எழுதிக்கொண்டு போங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பட்டா மாற்றத்துக்கு அண்ணன் மனுக் கொடுக்கலாம் என்று தோன்றினால், உங்கள் ஆட்சேபணையைத் தாசில்தாருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டா மாறினாலும் அதனால் மட்டுமே உங்கள் உரிமை அழியாது. ஆனால் அதைக் காட்டி நிலத்தை விற்க முயலலாம்.

அப்பாவுக்குப் பி.எம். கிசான் பணம் வந்துகொண்டிருந்தால், வேளாண் அலுவலகத்தில் இறப்பைத் தெரிவியுங்கள். அந்தத் திட்டத்தில் 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வரும் நிலத்துக்கு விலக்கு உண்டு.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. வழக்குக்கு முன் சமரசத்துக்கும் அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லலாம்.

அண்ணன்தான் இத்தனை வருடம் உழுது, அப்பாவின் மருத்துவச் செலவையும் பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். இரு பக்கத்தையும் அறிந்த வக்கீலால்தான், கோர்ட்டுக்குப் போகாமலே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க முடியும். அப்படிப் பத்திரம் எழுதினால், கிணற்றுப் பங்கும் முறைத் தண்ணீரும் அதில் வரி வரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.