லண்டன் பர்கரும் மேலப்பாளையம் கறிக்கடையும்

போன வருடம் ஆய்வு வேலையாக லண்டன் போயிருந்தபோது, அங்கே நர்சாக இருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிட அழைத்துப் போனாள். தொலைக்காட்சியில் சமையல்காரர்களைத் திட்டியே உலகப் புகழ் பெற்ற கார்டன் ராம்சேயின் ‘ஸ்ட்ரீட் பர்கர்’ கடை. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், நான். கூடவே அத்தானோடு வேலை பார்க்கும் திருநெல்வேலி டவுன்காரர் ஒருவரும் அவர் மனைவியும்.

அவர் மாட்டுக்கறி பர்கர்தான் சொன்னார். சாறு வழிய வழியச் சாப்பிட்டார், செல்பி எடுத்தார். “ஊர்ல யாருக்கும் அனுப்பிராதீங்க, எங்கம்மா மயங்கி விழுந்துருவாங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பிக்கு அங்க எந்தப் பக்கம்?” என்றார். மேலப்பாளையம் என்றேன். “ஐயோ, அந்தக் கறிக்கடைப் பக்கம் போனாலே மூக்கப் பொத்திக்கிட்டுல்லா போகணும். எப்படித்தான் திங்காங்களோ!”

அவர் வாயில் அப்போதும் மாட்டுக்கறி இருந்தது.

மேலப்பாளையம் இஸ்லாமியர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. தனி நகராட்சியாக இருந்து 1994இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு காலத்தில் தறி, பிறகு பீடி. செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தைக்குச் சுற்று வட்டாரமே வரும். அதன் ஓரத்துச் சேரியில் எங்கள் வீடு. அம்மா பீடி சுற்றினாள். ஞாயிறு காலையில் அப்பா பாய் கடையில் கறி வாங்கி, கறுப்புப் பைக்குள் போட்டு, அதை மஞ்சள் பைக்குள் மறைத்துக் கொண்டுவருவார். ஆட்டுக்கறி வாங்க எங்களுக்கு வக்கில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல்லச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்தப் பொய்யைப் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன்.

டவுன்காரருக்கும் எங்களுக்கும் தட்டில் ஒரே கறிதான். ஆனால் அவர் தின்றால் அனுபவம், நாங்கள் தின்றால் சாதி. அவருடைய சாதியை எந்த பர்கரும் இறக்காது. எங்கள் சாதியை எந்தச் சைவச் சாப்பாடும் ஏற்றாது. ஊரில் மாட்டுக்கறியை விட்டுவிட்ட தலித் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டதா?

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள் யார்?’ நூலில் இந்த வரலாற்றைத்தான் தோண்டினார். மாட்டை வேள்வியில் பலியிட்டுத் தின்ற பார்ப்பனர்கள், பௌத்தத்தை வெல்வதற்காகப் புலாலை விட்டுப் பசுவைப் புனிதமாக்கினார்கள், தொடர்ந்து தின்றவர்கள் மீது தீட்டு சுமத்தப்பட்டது என்பது அவர் வாதம். அதே அம்பேத்கர் 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடச் சொன்னார். நம் தோழர்கள் சிலரே இதைக் காட்டி, “மாட்டுக்கறி அரசியல் எதற்கு?” என்கிறார்கள். செத்த மாட்டைத் தூக்கு, அதையே தின்னு என்று நம்மேல் திணிக்கப்பட்ட இழிவைத்தான் அவர் மறுக்கச் சொன்னார். காசு கொடுத்து, விரும்பி வாங்கித் தின்னும் உணவுக்காக வெட்கப்படச் சொல்லவில்லை.

அந்த வெட்கத்தை இன்று அரசும் சந்தையும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. உலகெங்கும் மாட்டுக்கறி பர்கர் விற்ற மெக்டொனால்ட்ஸ், 1996இல் டெல்லியில் கடை திறந்தபோது அதை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. 2017 மே மாதம், சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதற்கு ஒன்றிய அரசு தடை போட்டது. எதிர்ப்புத் தெரிவித்துச் சென்னை ஐஐடி மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தினார்கள். மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே நாளில் விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் வளாகத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார், கண்ணில் பலத்த காயம். என்னைப் போல ஓர் ஆய்வு மாணவர்.

திராவிட மாடல் மட்டும் என்ன? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு வந்தது, எஸ்சி எஸ்டி ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் கண்டனம் எழுந்த பிறகுதான் மாட்டுக்கறிக்குக் கடை கிடைத்தது. ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட பிறகுதான்.

லண்டனுக்கு வருகிறேன். நான் டவுன்காரரிடம், “எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம அந்தக் கடைக் கறிதான் அண்ணாச்சி. எங்கம்மா ஆக்குனா இத விட நல்லா இருக்கும்” என்றேன். அவர் மனைவி தண்ணீர் குடித்தார். அத்தான் பில் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா பொரிந்துவிட்டாள்: “நீ ரெண்டு வாரத்துல போயிருவ. பிள்ளைய கூட்டிட்டு அவங்க வீட்டுக்குத்தான் நான் போகணும். எங்களுக்கு இங்க வேற யாருல இருக்கா?”

அவள் கோபம் நியாயமானது. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க 2013இல் ஒப்புக்கொண்ட பிரிட்டன், 2018இல் தனிச் சட்டம் வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டது. கடல் கடந்தும் அக்காவுக்கு அந்த மஞ்சள் பை தேவைப்படுகிறது. அவள் பிள்ளைகளுக்கும் தேவைப்படுமா என்பதுதான் என் கவலை.

ஊருக்கு வந்து அம்மாவிடம் பர்கர் விலையைச் சொன்னேன். “மாட்டுக்கறிக்கா?” என்று சிரித்தாள். அடுத்த ஞாயிறு நான்தான் கடைக்குப் போனேன். பாய் வழக்கம்போலக் கறுப்புப் பையை எடுத்தார். வெள்ளைப் பையில் போடுங்க பாய் என்றேன். தெரு வழியாக அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தேன். ஆம்பூரில் நாம் கேட்டதும் இதைத்தான்: மறைக்காமல் கொண்டுபோகிற, மறைக்காமல் பரிமாறுகிற உரிமை.