சிறு பறவையின் கண்ணும் நம் கைப்பொருளும்

பொருளின் விலையும் உயிரின் விலையும் ஒன்றல்ல என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், இணை 400 ரூபாய்க்கு வாங்கிய கூட்டுப் பறவையொன்றின் கண் வீங்கியவிடத்து, “மருத்துவருக்குக் கொடுக்கும் பணத்தில் வேறு பறவை வாங்கலாமே” என்று அறிவுடையோரும் கூறக் கேட்கின்றோம். அங்ஙனம் கூறுவோர் கொடியரல்லர். மாதக் கடைசியில் பால் கணக்கும் கல்லூரிக் கட்டணமும் எதிர்நிற்க, ஈடு செய்ய வகையறியாது திகைக்கும் இல்லத்தாரே பெரும்பாலும் இங்ஙனம் எண்ணுவர். எம் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது. ஆதலின், பிறரைப் பழித்தற்பொருட்டு யான் இதனை எழுதப் புகுந்தேனல்லேன்.

எம் தங்கை வளர்ப்பது ஆஸ்திரேலியாவுக்குரிய பட்ஜரிகர் என்னும் சிறு கிளியினம். கடைக்காரர் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூறி விற்பர். அப்பெயர்க்குரிய பறவையோ ஆப்பிரிக்காவினது, வேறினம். தமிழ் மாணாக்கனுக்குப் பெயர் மாறாட்டம் பொறுத்தற்கரியதே எனினும், பறவைக்கு அதனால் வரும் கேடு யாதுமில்லை. இதன் நிறை 30 அல்லது 40 கிராம் மாத்திரமே என்பதைத்தான் வாசிப்போர் நினைவில் இருத்தல் வேண்டும். பின்வருவனவெல்லாம் அச்சிறுமையைப் பற்றியே நிற்கின்றன.

ஒருநாட் காலை அதன் வலக்கண் மூடியிருந்தது. இமையோரத்து நீர் கசிந்து சிறகு ஒட்டியிருந்தது. அண்டை வீட்டுப் பாட்டியார் தாய்ப்பால் விடச் சொன்னார். வேறொருவர் விளக்கெண்ணெய் என்றார். பறவைக் கடையொன்றில் கேட்டபோது கண்சொட்டு மருந்தொன்றும், குடிநீரிற் கலக்கும் பொடியொன்றும், சத்து மருந்தொன்றும் தந்தனர். மூன்று நாளில் 310 ரூபாய் செலவாயிற்று. கண் மேலும் வீங்கிற்று.

கார்காலத்து மயில் குளிரால் வருந்துகின்றதென்று கருதித் தன் போர்வையை ஈந்த பேகனை வள்ளலென்று போற்றிப் படிக்கின்றோம். அவன் கொடை பெரிது. ஆனால் மயிலுக்குப் போர்வை வேண்டுமோ என்று அவன் ஆராய்ந்திலன். அரசனாதலின் ஒரு போர்வை வீணாயினும் அவனுக்குக் குறைவில்லை. பொருளற்றவனோ முதற்கண் ஆராய்தற்கே செலவிடக் கடமைப்பட்டவன். மருந்தை வாங்கிப் பார்த்துப் பின்னர் நோயைத் தேடுவது செல்வர்க்கே கட்டுபடியாகும் முறை. யான் வற்புறுத்த விரும்புவது இதுவே.

என்னை? கண்ணோய் என்பது ஒரு நோயன்று. கூட்டுக் கம்பி கீறியிருக்கலாம். தூசியோ கொசுவர்த்திப் புகையோ எச்சத்தினின்று எழும் அம்மோனியாவோ உறுத்தியிருக்கலாம். தினையொன்றையே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து, கண், மூக்கு இவற்றின் மென்றோல் தடித்து நோய்க்கு இடங்கொடுத்திருக்கலாம். அலகைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் பொருக்குப் படியின் அது நுண்ணிய உண்ணியின் வேலையாகலாம். சிட்டக்கோசிஸ் என்னும் நோயாயின் அது மனிதரையும் பற்றும். உலர்ந்த எச்சத் தூளை மூச்சோடு உள்வாங்குதலே அது பரவும் வழி. ஒரு சொட்டு மருந்து இவையனைத்தையும் தீர்க்குமென்று எங்ஙனம் நம்புவது?

தீர்க்காமையோடு நில்லாது கெடுத்தலும் உண்டு. மனிதர்க்கென விற்கப்படும் கண்சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்துள்ளது. கருவிழியில் கீறலிருப்பின் அது புண் ஆறுதலைத் தடுக்கும். 35 கிராம் உடம்பிற்கு ஒரு சொட்டும் சிறிதன்று. அஃது உடலெங்கும் பரவி நோயெதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கும். எண்ணெயோ சிறகை ஒட்டச் செய்து துன்பத்தை மிகுவிக்கும்.

நிற்க. காசின்றிச் செய்யத்தக்கன சில உள. நோயுற்றதைத் தனிக் கூட்டில் வைத்தல்; காற்று வீசாத இடத்தில், கூட்டின் ஒரு புறத்துக்கு மாத்திரம் விளக்கின் வெப்பம் படச் செய்தல்; கூட்டின் அடித்தாளை நாடோறும் மாற்றுதல்; கைகழுவுதல். கொதித்தாறிய நீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டுத் தூய பஞ்சால் இமையைத் துடைக்கலாம். சமையலறைத் தராசில் நாடோறும் நிறுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. பறவைகள் தம் நோயை மறைக்கும் இயல்பின. நிறை பத்தில் ஒரு பங்கு குறையின் நாளை என்று இருத்தலாகாது. முற்றத்து முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ ஆதற்குரிய சத்து மிகுதி; அதனை விடுத்து வண்ணப் புட்டிக்குக் காசு கொடுத்தோமே என்று இன்றும் நாணுகின்றேன்.

நான்காம் நாள் ஒரு பயிற்சி மருத்துவமனைக்குச் சென்றோம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்திற் பார்க்கின்றன. 1903-இல் சென்னை வேப்பேரியில் தொடங்கியதும், 2012-இல் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் தோன்றியதும் அவ்வகைக் கல்லூரிகளே. மருத்துவரிடம், “எங்களிடம் 200 ரூபாயே உள்ளது” என்று முதலிலேயே கூற எனக்கு நா எழவில்லை, தங்கைதான் கூறினாள். பறவை நோயை மறைப்பதுபோல நாம் வறுமையை மறைக்கின்றோம். இரண்டும் மருத்துவருக்கு இடையூறே. உள்ளதைக் கேட்டபின் அவர் இன்றியமையாத சோதனையை மாத்திரம் செய்தார். ஃபுளோரசீன் என்னும் சாயம் தோய்ந்த தாள்கொண்டு கண்ணைத் தொட, கருவிழியிற் கீறலிருந்த இடம் பச்சையாய் ஒளிர்ந்தது. பேருந்து, சீட்டு, மருந்து எல்லாம் சேர்த்து 190 ரூபாய்.

ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூட்டில் வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. அதனை வளர்ப்போர் அச்சத்தால் மருத்துவரை நாடார். கிளியோ கண்ணிழந்து கிடக்கும். சிறையும் வைத்துச் சிகிச்சையும் மறுக்கும் அவ்வளர்ப்பை அன்பென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வீடு திரும்பியதும் தந்தையார் கூட்டினுள் நீண்டிருந்த கம்பிமுனையைக் குறட்டால் மடக்கினார். அதற்கு ஒரு காசும் செலவில்லை. புண் இரு வாரத்தில் ஆறிற்று. கருவிழியில் வெண்தழும்பு ஒன்று நின்றுவிட்டது. வலப்புறம் சென்றால் பறவை திடுக்கிடுகின்றது. ஆதலின் தங்கை முருங்கையிலையை இடப்புறம் நின்றே நீட்டுகின்றாள்.